டிக்கோயாவா, கண்டியா, கொழும்பா: இரத்தமாகப் போகும் வயிற்றுக்கு எங்கே காட்டுவது?

ஏழு வாரமாக என் சின்னம்மா மகளுக்கு மலத்தோடு இரத்தம் போகிறது. வயது முப்பத்தொன்று, இரண்டு பிள்ளைகள், இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கிறாள். முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். பிறகு முகம் வெளுத்துப்போயிருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராக் கிழவி இது மூல வியாதி என்று சொல்லிவிட்டாள். கடைசியில் டிஸ்பென்சரி ஐயாவே ஒரு துண்டு எழுதிக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார். எந்தப் பெரிய ஆஸ்பத்திரி என்பதை மட்டும் எழுதவில்லை.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். போனிலேயே, "கொழும்புக்கு ஏத்தி விடுங்க மச்சான், சனல் பண்ணி ஒரே நாள்ல பாத்து முடிச்சிரலாம்" என்றான். சனல் என்றால் பிரைவேட்டில் காசு கட்டி ஸ்பெஷலிஸ்ட் டாக்டரைப் பார்ப்பது. சின்னம்மாவுக்குக் கினிகத்தேனைப் பக்கம் ஒரு வெதமாத்தயாவில், அதாவது நாட்டு வைத்தியரில், நம்பிக்கை. சித்தப்பா, "டிக்கோயா போதும், பஸ் அந்த வழியாத்தானே போகுது" என்று முடித்துவிட்டார். தங்கச்சி எதுவும் பேசவில்லை. எல்லோரும் தேத்தண்ணி குடிக்க எழுந்த பிறகு என்னிடம் மட்டும் கேட்டாள்: "அண்ணே, எத்தன தடவ போக வேண்டி வரும்?"

அங்கே பேசப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான். 2016 முதல் எனக்குப் பெருங்குடலில் இதே மாதிரி நோய் இருக்கிறது, பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். டிக்கோயா, கண்டி, கொழும்பு, வெதமாத்தயா என்ற நாலு வழியிலும் நான் நடந்து பார்த்தவன். இது வந்துபோகும் காய்ச்சல் மாதிரி இல்லை, வருடக்கணக்கில் கூடவே இருக்கும். ஆகவே என்னைக் கேட்டால், என்ன நோய் என்று கண்டுபிடிக்கும் வேலையை ஒரு தடவை தூரம் போய் ஒழுங்காகச் செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நாட்கணக்கில், மாதக்கணக்கில் போகும் கிளினிக் அவளால் போய்வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எங்கள் ஆட்கள் ஒன்று கொழும்பில் காசைத் தொலைக்கிறார்கள், இல்லாவிட்டால் டிஸ்பென்சரி மாத்திரையோடு நின்றுவிடுகிறார்கள்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். குடல் அழற்சி நோய் என்று பொதுவாகச் சொல்வது இரண்டு நோய்களை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி மேல் நோக்கி இடைவெளி விடாமல் பரவும், பெருங்குடலின் உள்தோலோடு நிற்கும். இரத்தமும் சீதமும் போவது இதில்தான் அதிகம். குரோன்ஸ் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், விட்டுவிட்டு வரும், குடல் சுவரை ஆழமாகத் துளைத்துப் புரையோட வைக்கும் அல்லது குடலைச் சுருக்கும். இரண்டிலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது. தொற்றாது, அதே பீங்கானில் சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு வராது. காரத்தால் வருவதும் இல்லை. டென்ஷன் வந்தால் வயிறு கலங்கும் ஐபிஎஸ் என்பது வேறு கதை. அதில் இரத்தம் போகாது, தூக்கத்தைக் கலைத்துக் கக்கூசுக்கு ஓட வைக்காது, உடம்பு மெலியாது. தங்கச்சிக்கு இந்த மூன்றுமே இருக்கிறது.

"இது வெள்ளக்காரன் நோய், நமக்கு வராது" என்று எனக்கு ஒரு டாக்டரே சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் குடியேறிய இந்தியர்களைப் பார்த்த ஆய்வுகள் 1990களிலேயே அதைப் பொய்யாக்கிவிட்டன. அங்கே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளூர் வெள்ளையரைவிட நம் பக்கத்து ஆட்களிடம்தான் கூடுதலாக இருந்தது, அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் அது தொடர்ந்தது. பஞ்சாபில் லூதியானாவில் வீடு வீடாகப் போய்ப் பார்த்து 2003 இல் வெளியிட்ட கணக்கு, லட்சம் பேருக்கு 44 பேர். நம் நாட்டில் கொழும்பு, கம்பஹா மாவட்ட ஆஸ்பத்திரிகளில் எடுத்து 2010 இல் வெளிவந்த கணக்கில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் லட்சத்துக்கு 5 பேர், குரோன்ஸ் 1 பேர் என்ற அளவில்தான். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு ஒன்று தோன்றும். அங்கே வீட்டுக்குப் போய் எண்ணினார்கள், இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை எண்ணினார்கள். மூலம் என்று களிம்பு பூசிக்கொண்டு லயத்தில் இருப்பவள் ஆஸ்பத்திரிக் கணக்கில் எப்படி வருவாள்?

சரி, வழிகளுக்கு வருவோம்.

வெதமாத்தயாவை நான் கேலி செய்ய மாட்டேன். நானே நாலு மாதம் கசாயம் குடித்தவன். முதல் மாதத்தில் இரத்தம் நின்றது, வீட்டில் பொங்கல் வைத்தார்கள். மூன்றாம் மாதம் திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக. இந்த நோய்க்குத் தானாக அடங்கித் தானாக எழும்பும் குணம் இருக்கிறது. அடங்கும் நேரத்தில் எதைக் குடித்துக்கொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் போய்விடும். மஞ்சளில் உள்ள குர்குமினை, இந்த நோய்க்குக் கொடுக்கும் மெசலசின் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது மாத்திரையோடு, மாத்திரைக்குப் பதிலாக இல்லை. என்ன சேர்த்திருக்கிறது என்று தெரியாத தூளும் குளிகையும் ஈரலைக் கெடுத்தால் அதற்குத் தனியாக மருந்து தேட வேண்டும். சின்னம்மாவிடம் இப்படிச் சொன்னேன்: என்ன நோய் என்று தெரிந்த பிறகு டாக்டரிடம் சொல்லிவிட்டு எதையும் குடிக்கட்டும், தெரியும் முன்னே வேண்டாம். அவருக்கு முழுச் சம்மதம் இல்லை.

இதில் அவசரம் ஏன் என்றால், நம் நாட்டில் இந்த நோய் மாதிரி வேஷம் போடும் வேறு இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று அமீபாவால் வரும் சீதபேதி. மலத்தைச் சோதித்தாலோ, குடலிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தாலோ தெரிந்துவிடும், மாத்திரையில் குணமாகும். அடுத்தது குடலில் வரும் காசநோய். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில்தான் குரோன்ஸும் அதிகம் உட்காரும், காசநோயும் அங்கேதான் உட்காரும். பின்பக்கமாகக் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனொஸ்கொபியில் பழகிய கண்ணுக்கே தடுமாற்றம் வரும். தெற்காசிய டாக்டர்களுக்கு இது தினப்படித் தலைவலி. இங்கே தவறினால் விளைவு சின்னது இல்லை. காசநோய் இருப்பவருக்குக் குரோன்ஸ் என்று நினைத்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்தைக் கொடுத்தால் கிருமி உடம்பெல்லாம் பரவும். குரோன்ஸ் இருப்பவருக்குக் காசநோய் மருந்தை ஆறு மாதம் கொடுத்தால் அத்தனை காலமும் குடல் சுருங்கிக்கொண்டே போகும். சந்தேகமாக இருந்தால் சில டாக்டர்கள் காசநோய் மருந்தை முதலில் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் திரும்பவும் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். புண் ஆறியிருந்தால் காசநோய், ஆறாமல் இருந்தால் குரோன்ஸ் பக்கம். இதையெல்லாம் முடிவெடுக்கப் பொறுமையான டாக்டரும், துண்டைப் பார்த்துச் சொல்லும் நல்ல லேப்பும் ஒரே இடத்தில் வேண்டும். நான் கண்டியைச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

டிக்கோயா ஆதார வைத்தியசாலை எங்களுக்குப் பெரிய வரம். இந்தியா கட்டிக்கொடுத்த 150 கட்டில் கொண்ட கட்டடம், 2017 மே மாதம் மோடி வந்து திறந்தது, அன்றைக்கு நோர்வூட் மைதானம் நிரம்பி வழிந்ததை இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மஸ்கெலியாவிலிருந்து காலையில் போய், பொது வைத்திய நிபுணரைப் பார்த்து, இரத்தமும் மலமும் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்குத் திரும்பிவிடலாம். இரத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது, உடம்பில் அழற்சி எவ்வளவு, மலத்தில் அமீபா இருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைக்கும். தமிழில் பேச ஆளும் அகப்படும். இது சின்ன விஷயம் இல்லை. நான் முதன்முதலில் வேறோர் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எனக்குத் தெரிந்த சிங்களம் "லே யனவா" என்ற இரண்டு சொல். இரத்தம் போகிறது என்று அவருக்குப் புரிந்தது. சீதம் போகிறது, ராத்திரியில் நாலு தடவை எழும்புகிறேன், போய் வந்த பிறகும் போக வேண்டும் போலவே இருக்கிறது என்பதை எப்படிச் சொல்வது? மூலம் என்று எழுதிக் களிம்பு கொடுத்தார்கள். எட்டு மாதம் பூசினேன்.

ஆனால் டிக்கோயாவோடு நின்றுவிட்டால், குடலுக்குள் பார்க்காமலே மருந்து தொடங்கும் ஆபத்து உண்டு. நுவரெலியா மாவட்ட வைத்தியசாலை அடுத்த படி என்று சித்தப்பா சொன்னார். மாவட்டம் அதுதான் என்றாலும் மஸ்கெலியாக்காரருக்கு அது குறுக்கு வழி இல்லை. ஹட்டனுக்கு வந்து, தலவாக்கலை, நானுஓயா என்று சுற்றிப் போகும் நேரத்துக்குக் கண்டிக்கே பாதிக்கு மேல் போய்விடலாம். லிந்துலை, அக்கரப்பத்தனைப் பக்கத்து ஆட்களுக்கு என் கணக்கு அப்படியே மாறும். பதுளை, பண்டாரவளைக்காரருக்குப் பதுளை ஆஸ்பத்திரிதான் வாசல்.

கண்டி தேசிய வைத்தியசாலையில் குடல் நோய்க்கென்றே தனி நிபுணர்கள் இருக்கிறார்கள். காசு வாங்க மாட்டார்கள். ஆனால் ஒரே நாளில் எதுவும் முடியாது. முதல் நாள் கிளினிக்கில் காட்டித் திகதி வாங்க, இரண்டாம் தடவை கொலனொஸ்கொபிக்கு, மூன்றாம் தடவை துண்டுச் சோதனை ரிப்போட்டுக்கு. தங்கச்சி கேட்ட "எத்தன தடவ" என்ற கேள்விக்கு நேர்மையான பதில், குறைந்தது மூன்று. ஒவ்வொன்றுக்கும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். 2024 இல் நாட்சம்பளத்தை 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் போட்டார்கள். பஸ் காசு, கூட வரும் ஆளின் ஒரு பேர், இரண்டு பேருக்கும் சாப்பாடு எல்லாம் சேர்த்தால் இலவச வைத்தியம் என்ற சொல் கொஞ்சம் கூனிப்போகும். இருந்தாலும் மூன்று தடவைதான். அதன்பிறகு கண்டியிலிருந்து டிக்கோயாவுக்கே கடிதம் வாங்கிக்கொண்டு, மாதாந்த மருந்தையும் இரத்தச் சோதனையையும் இங்கேயே வைத்துக்கொள்ளலாம். கண்டிக்கு வருடத்தில் ஒன்றிரண்டு தடவை போனால் போதும். நான் அப்படித்தான் இருக்கிறேன். இந்த ஏற்பாட்டை நாமேதான் வாய் திறந்து கேட்க வேண்டும், கேட்காவிட்டால் மாதாமாதம் கண்டிக்கே திகதி போடுவார்கள்.

இன்னொன்று. டிஸ்பென்சரித் துண்டோடு நேராகக் கண்டிக்குப் போவதைவிட, டிக்கோயா நிபுணரின் கடிதமும் இரத்த ரிப்போட்டும் கையில் இருந்தால் கண்டியில் திகதி சீக்கிரம் விழ வாய்ப்பு அதிகம். ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கிவிட்டது என்று எழுதிய தாளை யாரும் மூன்று மாதம் தள்ளிவைக்க மாட்டார்கள்.

கொழும்பு பிரைவேட் பற்றி மச்சான் சொன்னது பாதி சரி. வேகம் நிச்சயம். நான் போனபோது திங்கள் சனல் பண்ணி வியாழன் கொலனொஸ்கொபி செய்தார்கள். என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு வாரத்தில் போனது, மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. அதற்காக நான் வருத்தப்படவில்லை, பெயர் தெரியாமல் இருந்த நோய்க்குப் பெயர் கிடைத்தது. பிறகு செய்ததுதான் முட்டாள்தனம். ஒரு வருடம் முழுக்க அதே டாக்டரிடம் சனல் பண்ணிப் போய், பாமசியில் காசு கொடுத்தே மாத்திரை வாங்கினேன். கையில் காசு குறைந்த மாதங்களில் மாத்திரையையும் குறைத்தேன். அந்த வருடம் இரண்டு தடவை நோய் எழும்பியது. இலக்கு பிரைவேட்டில் ஒரு தடவை பார்ப்பது என்றால் சரி, பிரைவேட்டிலேயே குடியிருப்பது என்றால் தோட்டச் சம்பளம் தாங்காது. அப்புறம், மச்சான் தங்கியிருப்பது கடைக்கு மேலே ஆறு பொடியன்களோடு ஒரு அறை. அங்கே இவளை எங்கே வைப்பான் என்று கேட்டேன். போனில் சத்தம் இல்லை.

நடுவிலே ஒரு வழியும் இருக்கிறது. கண்டியில் அரசாங்கத் திகதி ரொம்பத் தூரம் தள்ளிப்போய், இரத்தமும் நிற்காவிட்டால், கொலனொஸ்கொபியை மட்டும் கண்டியிலேயே பிரைவேட்டில் செய்து, ரிப்போட்டைக் கொண்டுபோய் அரசாங்கக் கிளினிக்கில் சேர்ந்துவிடுவது. நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள், இதில் வெட்கமும் இல்லை. ஒரே நிபந்தனை, பார்த்தோம் என்று எழுதுவதோடு நிற்காமல் பல இடங்களில் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், முடிந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் பார்க்க வேண்டும். துண்டு எடுக்காத கொலனொஸ்கொபிக்குக் கொடுத்த காசு பாதி வீண்.

இந்தக் கணக்கெல்லாம் தாங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்குத்தான். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் இரத்தமாகப் போய், அதோடு காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, நிற்க முடியாத களைப்பு, வயிறு உப்பி வலி என்று வந்தால் கண்டியும் வேண்டாம் கொழும்பும் வேண்டாம். 1990 என்ற நம்பருக்குப் போன் அடித்து, அம்புலன்ஸ் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறதோ அங்கே போக வேண்டும். அது இலவசம். மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்து கிடந்தால் என்ன செய்வது என்று மட்டும் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்தில் கொழுந்து லொறிதான் பதில்.

மருந்து விஷயத்தில் தங்கச்சிக்கு இன்னும் எதுவும் முடிவாகவில்லை, என்ன நோய் என்றே தெரியாதே. ஆனாலும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்தான் என்று வந்தால் அவள் முன்னால் என்னென்ன வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். டாக்டர் அறையில் அதை யோசிக்க நேரம் கிடைக்காது, அதனால் இப்போதே பேசி வைத்தோம்.

லேசான, நடுத்தர நோய்க்கு முதல் மருந்து மெசலசின், அல்லது அதன் பழைய அண்ணன் சல்ஃபசலசின். சல்ஃபசலசினை 1940களை ஒட்டிய காலத்தில் சுவீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டு வாதத்துக்கென்று உருவாக்கினார், குடலுக்கும் கேட்டது தற்செயல். விலை குறைவு. சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், கூடவே போலிக் அசிட் எடுக்க வேண்டும், சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர் தொடவே கூடாது. ஆண்களுக்கு விந்தணு குறையும், நிறுத்தினால் பழையபடி வரும். புதிதாகக் கல்யாணமான பொடியனிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. மெசலசினில் இந்தத் தொல்லைகள் குறைவு, முழு அளவையும் ஒரே நேரத்தில் விழுங்கலாம், ஆனால் விலை கூட. எந்த மருந்து ஒழுங்காகக் கையில் கிடைக்கிறதோ அதுதான் என் தெரிவு. 2022 இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பாமசி பாமசியாக அலைந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். இன்றைக்கும் ஒரு மாத மாத்திரை கூடுதலாக வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

நோய் மலக்குடலோடு நின்றிருந்தால், பின்பக்கமாக வைக்கும் குளிகையும் எனிமாவும் வாய் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும். டாக்டர்கள் சாதாரணமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் எனிமாவை உள்ளே விட்டு இடப்பக்கமாகச் சரிந்து நீண்ட நேரம் படுத்திருக்க வேண்டும். ஒரே காம்பராவில் மாமியாரும் பிள்ளைகளும் படுக்கும் லயத்தில் அதை எங்கே வைத்துச் செய்வது? தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மனைவிதான் அவளைக் குசினிக்குக் கூட்டிப்போய், குளிகை சின்னது, படுக்கும்போது ஒரு நிமிஷ வேலை, அதைக் கேட்டு வாங்கு என்று சொல்லிக் கொடுத்தாள். நான் நூறு வார்த்தை சொல்லியும் நடக்காதது அது.

பிரட்னிசொலோன் எழும்பிய நோயை அடக்க வந்த மருந்து. இதுவும் ஒரு ஸ்டீரொயிட்தான். 1955 இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர்கள் கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட்டைக் கொடுத்துப் பார்த்த காலத்திலிருந்து இந்த வகை மருந்து உயிர் காக்கிறது. முதல் வாரத்திலேயே மனுஷனாகிவிடுவோம், பசி வரும், தூக்கம் மட்டும் போகும். அதன் ஆபத்தே அந்தச் சுகம்தான். பழைய மருந்துச் சீட்டைக் காட்டித் தானாக வாங்கிப் போட்டு முகம் வீங்கி, சீனி ஏறி, எலும்பு தேய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொன்ன கணக்கில் வாரம் வாரமாகக் குறைத்து நிறுத்த வேண்டும், திடீரென்றும் விடக்கூடாது. தொடங்கும் முன்னே காசநோய் பற்றியும் குடல் பூச்சி பற்றியும் டாக்டரிடம் கேட்பது நல்லது, மண்ணில் வெறுங்காலோடு நிற்கும் ஆட்களுக்கு முக்கியமாக. சில பூச்சிகள் ஸ்டீரொயிட் பட்டதும் உடம்பெங்கும் பெருகும்.

அதிலும் அடங்காமல் திரும்பத் திரும்ப வந்தால்தான் உண்மையான தெரிவு வரும்: எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோபிரின் மாத்திரையா, பயோலொஜிக் என்ற புது வகை ஊசியா? அசதயோபிரின் மலிவு, வாய் மாத்திரை, நான் ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறேன். வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அதன் பெரிய கெடுதல் வெள்ளணுக்களைக் குறைத்துவிடுவது. மேற்கில் இதற்காக ஒரு மரபணுவைச் சோதிப்பார்கள். நம் ஆட்களிடம் தொல்லை கொடுப்பது அதிகமாக வேறொரு மரபணு, என்யூடிடி15 என்று 2014 இல் கொரியாவில் கண்டுபிடித்தார்கள். தெற்காசியரில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் அந்த மாற்றம் இருக்கிறது. இருந்தால் சாதாரண அளவே விஷமாகும். அந்தச் சோதனை கையில் கிடைக்காத இடத்தில் ஒரே காவல், குறைந்த அளவில் தொடங்கி, முதல் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது இரத்தம் பார்ப்பது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினாலோ காய்ச்சல், தொண்டைவலி வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பக்கத்தில் டிக்கோயா மாதிரி இரத்தம் பார்க்கும் இடம் இல்லாதவருக்கு இந்த மாத்திரையை நான் பயந்துகொண்டேதான் சொல்வேன்.

பயோலொஜிக் வகையில் இன்ஃபிளிக்சிமாப் ஊசி என்றால், தொடக்கத்தில் ஒன்று, இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை. மணிக்கணக்கில் ஏற்றுவார்கள், பெரிய ஆஸ்பத்திரியில்தான். எண்ணிப் பார்த்தால் பயண நாட்கள் அசதயோபிரினின் முதல் வருடத்தைவிடக் குறைவாகக்கூட வரலாம், விலைதான் வேறு உலகம். அரசாங்கம் கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம். உறங்கிக் கிடக்கும் காசநோயை அது எழுப்பிவிடும் என்பதால் முன்கூட்டி எக்ஸ்ரேயும் சோதனையும் கட்டாயம். அறுவைச் சிகிச்சை என்றதும் சின்னம்மா அழத் தொடங்கியதால் அதை நாங்கள் அன்றைக்குப் பேசவில்லை.

சாப்பாட்டுக்குப் பெரிய பத்தியம் ஒன்றும் இல்லை. நோய் எழும்பியிருக்கும் நாட்களில் ரொட்டியும் கட்டச் சம்பலும் வேண்டாம், கஞ்சி, பருப்பு, முட்டை போதும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குவதை மட்டும் இன்றைக்கே விட வேண்டும், சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது, ஒரு மணிநேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். அதைவிட முக்கியம், உடம்பு வலிக்கு டிஸ்பென்சரியில் வாங்கிப் போடும் டைக்லோபெனக். கூடை தூக்கும் தோளுக்கு அது இல்லாமல் முடியாது என்பார்கள், ஆனால் அடங்கிய குடலைக் கிளப்பிவிடக்கூடியது. வலிக்குப் பரசிட்டமோல்.

கொழுந்தெடுக்கும் மலையில் கக்கூஸ் இல்லை என்பதுதான் எந்த டாக்டரும் கேட்காத விஷயம். நிரையிலிருந்து ஓடிப்போய்த் திரும்பி வருவதற்குள் கொழுந்து குறைந்து, பாதி நாள் அரைப்பேர் விழுந்திருக்கிறது அவளுக்கு. கங்காணியிடம் என்னவென்று சொல்வது என்று கூச்சம். டிக்கோயா நிபுணரிடம் ஒரு மெடிக்கல் கடிதம் கேட்டு வாங்கி, கொஞ்ச நாளைக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்து மலையில் அல்லது தொழிற்சாலையில் வேலை போடச் சொல்லிக் கேட்கலாம் என்று யோசித்திருக்கிறோம். கொடுப்பார்களா என்பது தோட்டத்துத் துரையைப் பொறுத்தது.

கடைசியில் முடிவானது இது. புதன்கிழமை டிக்கோயாவில் காட்டி, இரத்தம், மலம் பார்த்து, கடிதம் வாங்குவது. அடுத்த வாரம் கண்டி. துண்டுச் சோதனை முடிவு வரும் வரை கசாயம் இல்லை, இதில் சின்னம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்யவில்லை என்றாலும் சரி என்றார். மச்சான் வீண்போகாமல், கண்டியில் திகதி தள்ளிப்போனால் பிரைவேட் கொலனொஸ்கொபிக்குக் காசு சேர்த்து வைக்கிறேன் என்றான்.

கொலனொஸ்கொபிக்கு முதல் நாள் சாயங்காலத்திலிருந்து குடலைக் கழுவும் தண்ணீரை லீற்றர் கணக்கில் குடிக்க வேண்டும், ராத்திரி முழுக்கக் கக்கூசில்தான் குடியிருப்பு. சரிவில் இறங்கிப் போகும் பொதுக் கக்கூசை நம்பி லயத்தில் அதைச் செய்ய முடியாது. எங்கள் வீட்டில் செய்யலாம், ஆனால் விடியற்காலையில் அந்த வயிற்றோடு ஹட்டனிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் எப்படிப் போவது? முதல் நாளே வார்டில் சேர்த்துக்கொள்வார்களா என்று கிளினிக்கில் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டுகஸ்தோட்டையில் என்னோடு கொட்டகலையில் ஆசிரியப் பயிற்சி எடுத்த நண்பன் ஒருவன் இருக்கிறான். நேற்று அவனுக்குப் போன் செய்து, வீட்டில் கக்கூஸ் ஒன்றா இரண்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, இரண்டு இருக்கிறது, கூட்டி வா என்றான்.